கவுன்சிலரின் ஐந்தாம் நாள்

மூன்று பன்னிரண்டு வண்டி கண்ணெதிரிலேயே போய்விட்டது. கடைசிப் பெட்டி பட்டரவாக்கம் பிளாட்பாரத்தைத் தாண்டும்போது தணிகாசலம் படிகளில் பாதிதான் இறங்கியிருந்தான். முதுகில் லேப்டாப் பை, கையில் ஒரு ஜாங்கிரி. அடுத்த வண்டி மூன்று இருபத்தாறுக்கு. பதினாலு நிமிஷம். பதினாலு நிமிஷத்தில் ஒரு ஃபைட்டர் மீன் தன் குஞ்சுகளில் எத்தனையைத் தின்னும் என்று யாராவது கணக்கெடுத்திருப்பார்களா? எடுத்திருப்பார்கள், போனில் தேடினால் கிடைக்கும், தேடக் கூடாது. ஜாங்கிரியை என்ன செய்வதென்று தெரியவில்லை. தின்னலாம் என்றால் தொண்டையில் இறங்காது. எறியலாம் என்றால் அது கஜேந்திரன் தனக்குப் பெண் பிறந்த சந்தோஷத்தில் கொடுத்தது, எறிந்தால் அந்தப் பச்சைக் குழந்தைக்கே ஏதோ கெடுதல் செய்தது மாதிரி இருக்கும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து மற்ற கையின் விரல்களை மறுபடி மடக்கினான். சனிக்கிழமை சுண்டுவிரல், ஞாயிறு மோதிரவிரல், திங்கள் நடுவிரல், செவ்வாய் ஆள்காட்டி, இன்றைக்குப் புதன், கட்டைவிரல். ஐந்து. எத்தனை தடவை மடக்கினாலும் புதன்கிழமை கட்டைவிரலில்தான் வந்து நின்றது. முட்டை போட்ட சனிக்கிழமையிலிருந்து ஐந்தாம் நாள் இன்றைக்குத்தான், நாளைக்கு இல்லை. வியாழக்கிழமை என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி அவன் விரலையும் ஜாங்கிரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் உலகம் சரியாகத்தான் இருந்தது. கஜேந்திரன் ஸ்வீட் டப்பாவோடு ஒவ்வொரு மேஜையாக வந்தான். கஜேந்திரன் டெஸ்டிங்கில் இருக்கிறான், அதாவது தணிகாசலம் எழுதும் புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதே அவன் பிழைப்பு. பார்க்கச் சாதுவாக இருப்பான், மாலை ஐந்து மணிக்குப் புன்னகையோடு பதினெட்டுத் தப்புகளை அனுப்பி வைப்பான். "எடுத்துக்கோங்க ண்ணா, நாளைக்குப் பாப்பாவுக்குப் பதினாறாம் நாள், பேர் வைக்கிறோம்." குழந்தை இரண்டு வாரத்துக்கு முன்னால் புதன்கிழமை பிறந்தது தணிகாசலத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்றைக்குக் கஜேந்திரன் லீவு, தப்பே வராத ஒரே நாள். "நாளைக்கு எப்படி? வெள்ளிக்கிழமைதானே பதினாறு வரும்?" என்றான் ஜாங்கிரியைக் கையில் எடுத்தபடி, அந்த வழக்கமான பெரியதனத்தோடு. கஜேந்திரன் சிரித்தான். "பொறந்த நாளையும் சேத்துத்தான் ண்ணா எண்ணுவாங்க. ஊர்ல யாரு பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணுறா, நம்மளைத் தவிர?" அவ்வளவுதான். அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, அது தெரியாமலே, டப்பாவை நீட்டிக்கொண்டு போய்விட்டான். தணிகாசலம் மற்ற கையின் விரல்களை மடக்கிப் பார்த்தான். பத்தொன்பது வருஷமாகப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி எண்ணியே கை பழகிவிட்டது. வரிசையில் முதலாவது நிற்பது பூஜ்ஜியம், இரண்டாவது நிற்பது ஒன்று. கம்ப்யூட்டருக்கு அதுதான் புரியும், சரி. ஆனால் கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கும் ஜெசிந்தா அக்கா கம்ப்யூட்டரா?

வண்டி வந்தது. ஏறினான். உட்கார இடம் இருந்தும் கதவருகே நின்றான், நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்பது போல. ஜெசிந்தா அக்கா சொன்னது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. தொட்டியில் கை விட்டு எதையோ துழாவிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இன்னா சார், மூணாவது தபாவா? இந்த வாட்டியாவது சொல்றதைக் கேளு. முட்டை வெச்ச நாள்லேர்ந்து அஞ்சாம் நாள், பொழுது சாயறதுக்குள்ள அப்பனைத் தூக்கிடு. அதுவரைக்கும் அவன் அப்பன். அதுக்கு மேல அவன் பசி." அதுக்கு மேல அவன் பசி. அப்போது இதைக் கேட்டுச் சிரித்தான், இப்போது சிரிப்பு வரவில்லை. முதல் தடவை மார்கழிக் குளிரில் முட்டையெல்லாம் வெள்ளைப் பஞ்சு பூத்துப் போயிற்று. இரண்டாம் தடவை குஞ்சு பொரிந்தது, தண்ணீர் சுத்தமாக இருக்கட்டுமே என்று இவன் நல்ல மனசோடு தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் மோட்டாரைப் போட்டுவிட்டான், பத்து நிமிஷத்தில் தொட்டி சுத்தமாகிவிட்டது, குஞ்சுகளும் சேர்த்து. ஒரு வாரம் அவன் மனைவி சுகுணா மீன் குழம்பு வைக்கவில்லை. துக்கமாம். இந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது, முட்டை போட்டதும் தாய் மீனைக்கூட வேறு தொட்டிக்கு மாற்றியாயிற்று. தகப்பன் மீன் அடர்நீலம், வாலும் துடுப்பும் தரையைப் பெருக்கும் வேட்டி மாதிரி தொங்கும், யார் முன்னால் வந்தாலும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பும். சுகுணாதான் பேர் வைத்தாள், கவுன்சிலர். அன்றிலிருந்து வீட்டில் மீனுக்கு மரியாதை. "அவர் என்ன பண்றார்?" "அவர் தூங்கிட்டாரா?" புருஷனை வா போ என்பவள் மீனை அவர் இவர் என்கிறாள். இருக்கட்டும், அவருக்குத் தகுதி இருக்கிறது. ஐந்து நாளாக ஒரு வாய் தின்னாமல், தண்ணீர் மட்டத்தில் எச்சில் நுரையால் கூடு கட்டி, அதில் முட்டைகளை ஒட்டி வைத்து, உதிர்வதையெல்லாம் வாயால் பொறுக்கி மறுபடி ஒட்டி, காவல் நிற்கிறார். ஐந்து நாளாக ஒரு வாய் தின்னாமல் என்று நினைத்ததும் கொரட்டூர் வந்துவிட்டது. பசி எவ்வளவு இருக்கும்?

"சார், ஸ்வீட்டு சொட்டுது" என்றார் பக்கத்தில் நின்றவர். பாகு மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. கர்ச்சீப்பில் ஜாங்கிரியைச் சுற்றிப் பைக்குள் போட்டான், பைக்குள் கை விட்டபோது போன் கிடைத்தது, போன் கிடைத்ததும் கேமரா நினைவு வந்தது. கேமரா! வீட்டில் கேமரா இருக்கிறதே! தொட்டியைப் பார்க்கவென்றே வாங்கிய கட்டைவிரல் உயரக் கேமரா. அவசரமாகத் திறந்தான். திரையில் கேஸ் சிலிண்டர் தெரிந்தது. சிவப்பாக, தெளிவாக, கொஞ்சமும் அசையாமல். ஆமாம், சனிக்கிழமை சுகுணா கேமராவைத் திருப்பி வைத்துவிட்டாள். "பிரசவம் ஆகுற எடத்துல கேமரா வெப்பாங்களா? உனக்கு வெக்கமா இல்ல?" இவனும் திரும்பத் திருப்பவில்லை, வாங்கிய மறுநாளே அதன் மேல் ஆசை போய்விட்டது. அப்படித்தான். சின்னச் சின்ன சாமானாக வாங்குவதில் அவனுக்கு ஒரு பைத்தியம். தொட்டியில் ஒட்டும் வெப்பமானி, சொட்டு மருந்துக் குழாய் மூன்று அளவில், உள்ளங்கை அகல வலை, தட்டினால் டைப்ரைட்டர் மாதிரி சத்தம் போடும் கீபோர்டு. அந்தக் கீபோர்டில் முதல் நாள் வேலை செய்தபோது சுகுணா மாடிக்கு ஓடிக் காயப்போட்ட வடகத்தை அள்ளிக்கொண்டு வந்தாள், தகரத்தில் மழை விழுகிறதென்று. பிறகு அந்த நாட்டு வாதாம் இலை. காய்ந்த இலையைத் தொட்டியில் போட்டால் மீனுக்கு நல்லது என்று படித்துவிட்டு, பத்து இலை பாக்கெட் ஒன்றை ஆன்லைனில் தருவித்தான், வாசலில் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் எதிர்வீட்டு மதிலோரம் நாட்டு வாதாம் மரம், காலடியில் அதே இலை குப்பையாக. கொண்டுவந்த ஆள் அந்த இலைகள் மேல்தான் வண்டியை நிறுத்தியிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள் சுகுணா. கல்லூரி விடுதியிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டும் சொன்னாள். சுகுணாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் இப்போது பள்ளிக்கூடத்தில், பரீட்சை ஹாலில், போனை அணைத்து மேஜைக்குள் வைத்துவிட்டு நடந்துகொண்டிருப்பாள். கணக்கு டீச்சர். சனிக்கிழமையே சொன்னாள், "அஞ்சாம் நாள் புதன்ல வருது" என்று. இவன்தான் பேப்பர் எடுத்துக் கட்டம் போட்டு, ஏன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது அறிவுக்குப் பொருத்தம் என்று அரை மணி நேரம் விளக்கி அவளை ஒப்புக்கொள்ள வைத்தான். ஒப்புக்கொண்டாளா, தூக்கம் வந்து எழுந்து போனாளா? திரையில் சிலிண்டர் அப்படியே இருந்தது.

வில்லிவாக்கத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. சிக்னல். தண்டவாளத்தோரம் ஒரு ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது, நிதானமாக, ஓரத்திலிருந்து உள்ளே. தணிகாசலம் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினான். தின்பது எதையும் இப்போது பார்க்க முடியாது. பயம் வந்துவிட்டது, நிஜமான பயம், பரீட்சைக்குப் படிக்காமல் போன மாதிரி உள்ளங்கை ஈரமாகும் பயம். மீனுக்காகவா இவ்வளவு? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கொளத்தூருக்குப் போனால் தொட்டி தொட்டியாகக் கிடைக்கும். ஆனால் அது வேறு, இது வேறு. பத்தொன்பது வருஷமாக அவன் எழுதிய எதுவும் இப்போது உயிரோடு இல்லை. அதுதான் விஷயம். முதல் கம்பெனியில் எழுதியதை இரண்டு வருஷத்தில் தூக்கிப் போட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்து எழுதியது திறப்பு விழா முடிந்த வாரமே மாற்றப்பட்டது. போன மாதம் எழுதியதைக்கூட வேறு யாரோ அழித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவன் மற்றவர்கள் எழுதியதை அழித்து எழுதுவது போலவே. அதில் கோபம் ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. ஆனாலும் நாற்பத்துமூன்று வயதில் ஒரே ஒரு காரியமாவது, ஆரம்பித்து, கூட இருந்து, அது பாட்டுக்கு நீந்திப் போவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெரிய ஆசையா? கண்ணிமை மயிர் அளவுதான், அதுவும் ஒரு நூறு நூற்றைம்பது. சனிக்கிழமை காலையை நினைத்துக்கொண்டான், நினைத்ததும் பயத்துக்கு நடுவிலேயே சிரிப்பு வந்தது. ஜோடி மீன்கள் கட்டிப் பிடித்து உருண்டு பிரிந்தபோது முட்டைகள் வெள்ளை ரவை மாதிரி உதிர்ந்தன, கவுன்சிலர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டது போல் பாய்ந்து ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டுபோனார். சுகுணா தரையில் உட்கார்ந்து "அதோ ஒண்ணு கீழே விழுது, அதோ, அதோ, அவருக்குச் சொல்லு" என்று கத்தினாள், தோசைக் கரண்டியோடு. அடுப்பில் தோசை கரிந்தது. கரிந்த தோசையையே ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றுகொண்டு மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படித் தரையில் உட்கார்ந்து எதையும் சேர்ந்து பார்த்ததாக நினைவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. ஆடு சுவரொட்டியை முடித்துவிட்டிருந்தது.

பெரம்பூரில் இறங்கியவன் நடக்கவில்லை, ஓடவும் இல்லை, நாற்பத்துமூன்று வயது ஆள் தெருவில் ஓடினால் என்னமோ ஏதோ என்று நாலு பேர் பின்னால் ஓடி வருவார்கள், ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு போக்காகப் போனான். பூக்காரி கூப்பிட்டாள், நாளைக்கு என்றான். இஸ்திரிக்காரர் கூப்பிட்டார், நாளைக்கு என்றான். நாளைக்கு என்று சொல்லும்போதெல்லாம் நடை இன்னும் வேகமானது. மாடிப்படி ஏறியதும் பூட்டில் சாவி தலைகீழாக நுழைந்தது, வெளியே எடுத்தான், மறுபடியும் தலைகீழாகவே நுழைந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனான். ஹால் மூலையில் தொட்டி, மேலே மூடிய கண்ணாடி, உள்ளே வாதாம் இலை கறுத்த டீ நிறத் தண்ணீர். கூடு இருந்தது. கூட்டுக்கு அடியில் நேற்றுவரை வாலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக இருந்த குஞ்சுகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. தணிகாசலம் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததால்தான் பார்த்தான், கீழ் மட்டத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக. தொட்டி முழுக்கத் தூசு. தூசு அசைந்தது. தூசு ஒவ்வொன்றும் படுக்கை வாட்டத்தில் நேராக, தன்னிஷ்டத்துக்கு, ஒரு விரற்கடை முன்னால் போய் நின்று, யோசித்து, இன்னொரு விரற்கடை போயிற்று. நீந்துகின்றன! அவனுக்கு ஐயோ என்று கத்தத் தோன்றியது, சந்தோஷத்தில்தான். அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலர் இலைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஒரு குஞ்சுக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். குஞ்சு உள்ளே போயிற்று. வாய் மூடிற்று. மேலே கூட்டுக்குப் போகவில்லை. திரும்பினார், இன்னொன்று, அதுவும் உள்ளே. இன்னொன்று.

"டேய்!" என்றான் தணிகாசலம். மரியாதையெல்லாம் போய்விட்டது. வலை எங்கே என்று தெரியவில்லை, கழுவிக் கவிழ்த்திருந்த ஊறுகாய் பாட்டில் கையில் கிடைத்தது. கண்ணாடியைத் தள்ளி பாட்டிலை மெல்ல அமிழ்த்தி அதன் வாய்க்கு நேரே விரலை ஆட்டினான். விரலைப் பார்த்ததும் கவுன்சிலர் செவுளை விரித்தார், ஐந்து நாள் பட்டினி கிடந்த உடம்பு, வயிறு உள்ளே ஒட்டிப் போயிருந்தது, அப்படியும் சண்டைக்கு வந்தார், நேராக பாட்டிலுக்குள்ளேயே. தூக்கிவிட்டான். ஜன்னல் கட்டையில் வைத்துக் கண்ணோடு கண்ணாகப் பார்த்தான். திட்டுவதற்கு வாய் திறந்தான். அதற்குள் எதிரில் இருந்த வாய் திறந்தது. ஒரு குஞ்சு வெளியே வந்தது. தள்ளாடிற்று, நேரானது, நீந்திற்று. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு ஒட்டினாற்போல. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. கவுன்சிலர் அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், மேலே பார்த்தார், அங்கே கூடு இல்லை. பாட்டிலில் எப்படி இருக்கும்? ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு தண்ணீர் மட்டத்துக்குப் போய் ஒரு நுரைக் குமிழியை விட்டார். இன்னொன்றை அதற்குப் பக்கத்தில் ஒட்டினார். மறுபடி ஆரம்பத்திலிருந்து கட்டுகிறார். நாலு பிள்ளைகளை வாயில் வைத்துக்கொண்டு பசியோடு இருந்திருக்கிறார், விழுங்கவில்லை, சிதறி ஓடும் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல் வாயிலேயே வைத்திருந்திருக்கிறார், இவனோ அவரை டேய் என்று சொல்லிவிட்டான்.

ஆனால் விதி விதிதான். ஐந்தாம் நாள், பொழுது சாய்வதற்குள். விதியை மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இப்போது இவரை இந்த பாட்டிலிலேயே வைத்துவிட்டு, குஞ்சுகளைக் குழாயால் உறிஞ்சித் தொட்டியில் விட்டால் வேலை முடிந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. அதுக்கு மேல அவன் பசி. சரி, பசி என்றால் பசிக்குச் சோறு போட வேண்டியதுதானே? இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? காய்ந்த புழு டப்பாவை எடுத்தான். பாட்டிலைத் தொட்டிக்குள் சாய்த்தான். தகப்பனும் நாலு பிள்ளைகளும் ஒன்றாக வழுக்கித் தொட்டிக்குள் போனார்கள். ஓரத்தில் ஒரு சிட்டிகை புழுவைத் தூவினான். கவுன்சிலர் வந்தார், ஒன்றைக் கவ்வினார், கன்னம் அசைய மென்றார், விழுங்கினார். இரண்டாவதையும் விழுங்கினார். மூன்றாவதுக்குத் திரும்பும்போது முகத்துக்கு நேரே ஒரு குஞ்சு குறுக்கிட்டது. வாய் திறந்தது. தணிகாசலம் மூச்சை நிறுத்தினான். குஞ்சு உள்ளே போயிற்று. கவுன்சிலர் அதே இடத்தில் நின்றார், எதையோ ரொம்ப நேரம் யோசிப்பவர் மாதிரி. பிறகு வேட்டி அலைய மேலே போனார், பழைய கூட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார், துப்பினார். குஞ்சு நுரையில் ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டிற்று. அரை நொடிகூட அங்கே இருக்கவில்லை, நழுவிக் கீழே இறங்கித் தன்பாட்டுக்குப் போயிற்று. கவுன்சிலர் அதைப் பார்த்தார். விட்டுவிட்டார். மூன்றாவது புழுவைத் தின்னப் போனார்.

தணிகாசலம் சிரித்தான். காலி வீட்டில், செருப்புக் காலோடு, கைமுட்டி வரை தண்ணீரும் பாகுமாக, சத்தம் போட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வந்தது, துடைக்கப் போனால் கை பிசுக்கு, முகமெல்லாம் ஜாங்கிரி. சிரிப்பு நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மேபல் அம்மாவின் ஜன்னல் திறந்தது. அவர் எந்நேரமும் வீட்டிலிருப்பவர், இவர்கள் வீட்டில் ஒரு தம்ளர் விழுந்தாலும் கேட்டுவிடுவார்.

"என்ன தணிகா சார், இந்நேரத்துல வீட்ல? யார் கூட சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, குழந்தைங்க நீந்துதுங்க!"

"எந்தக் குழந்தைங்க?"

"நம்ம கவுன்சிலரோடதுங்க. அவரே பாத்துக்கிறாரு. வந்து பாருங்க, கதவு தொறந்துதான் இருக்கு."

"அட! எத்தனை சார்?"

தணிகாசலம் தொட்டியைப் பார்த்தான். எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன.

"எண்ணலீங்க" என்றான்.